விளக்கில்லாமல் ஆடினால் பாதி விலை

செய்தி வந்தபோது நான் கொச்சி வைட்டிலா பஸ் நிலையத்தில், மட்டாஞ்சேரி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் மசமசவென்று இருந்தது. போன் அடித்தது. யார் பெயர் என்று வாசிக்க முடியாமல் எடுத்தேன். அந்தோணியின் குரல்.

“மார்க்கே, ராவுத்தர் போயி.”

“எங்க?” என்று கேட்டேன்.

பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பரீத் ராவுத்தர் அன்று காலை தொழுகை முடித்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. தோப்பும்படிப் பாலம் வரும்வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அந்தோணியும் வைக்கவில்லை.

பதினான்கு மாதங்களாக எனக்கும் ராவுத்தருக்கும் பேச்சு கிடையாது. அவரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இருந்தாலும் வேறொருவர் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். தவறு அவருடையது. இன்று அவர் இல்லை என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

கொச்சங்காடி முனையில் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் அவரை வாரி வழங்கியவர் என்று எழுதியிருக்கிறது. அவருடைய பூல் கிளப்பில் ஒரு நாள்கூட ஆடாத யாரோ எழுதியிருக்க வேண்டும். ராவுத்தர் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவரில்லை. இருபது வருஷத்தில் எனக்கு ஒரு சாயா வாங்கித் தந்ததில்லை. நான் வாங்கிக் கொடுத்தால் குடிக்கவும் மாட்டார். அவர் செய்தது வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் மகள் ஜமீலாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் வேலாயுதம். மட்டாஞ்சேரியில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இஞ்சிக் கிடங்கில், ஏற்றுமதிச் சாக்குகளின் மேல் ஊர்ப் பெயரும் எடையும், அதாவது மார்க், எழுதுகிற வேலை பார்த்தேன். அதனால் மார்க்கு. பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு முடிந்தது. மலையாள எழுத்தையும் இங்கிலீஷ் எழுத்தையும் சாக்கிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். கிடங்கை மூடியபோது மேல்மாடியை ராவுத்தர் எடுத்து, நான்கு பூல் மேஜைகள் போட்டார். எந்த மாடியில் சாக்குகளுக்கு நடுவே குனிந்து எழுதினேனோ, அதே மாடியில் பந்தடிக்கும் கியூக் கோலைப் பிடித்துக் குனிந்தேன். முதுகுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

திறப்பதற்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பலகையைக் காட்டினார். நேரமும் விலையும் எழுத வேண்டும். மூன்று மொழியிலும் வேண்டும். முதல் வரி, காலை பத்து முதல் இரவு பத்து வரை, வெள்ளிக்கிழமை நடுப்பகல் இரண்டு மணி நேரம் விடுமுறை. இரண்டாவது வரி, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. மூன்றாவது வரியைச் சொன்னபோது நான் தூரிகையை நிறுத்தினேன். விளக்கில்லாமல் ஆடினால் பாதி விலை.

பூல் மேஜை ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு தொங்கும். விளக்கைப் போட்டால் நேரம் தொடங்கும், அணைத்தால் முடியும். எல்லா ஊரிலும் அப்படித்தான். நான்காவது மேஜை மட்டும் கிழக்கு ஜன்னல்களை ஒட்டி இருந்தது. அதில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை விளக்கில்லாமலே ஆடலாம்.

“கரண்டுக்கு அவ்வளவா ஆகப் போகுது?” என்று கேட்டேன்.

“கரண்டு கிடக்கட்டும். காலைல யாரு வருவான்? ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சவன், வேலை போனவன், பென்ஷன்காரன். அவன்ட்ட முழுசு கேட்டா வரமாட்டான். உனக்கு மட்டும் பாதின்னு சொன்னா அவனுக்குக் குறைச்சலாப் போகும். விளக்கு போடல, அதனால பாதின்னு சொல்லு. அப்ப அது விலையாக்கும். தர்மமில்ல.”

நான் எழுதினேன். மூன்றாவது வரியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். அப்போது கிடங்கு மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலை போனவன் என்று அவர் சொன்ன பட்டியலில் நான் இருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

மறுநாளிலிருந்து நான்காவது மேஜை எனக்கும் அந்தோணிக்கும். அந்தோணி லாரி ஓட்டியவன். முழங்கால் கெட்டு வண்டியை விட்டவன். விலை எத்தனையோ முறை ஏறியது. ஒவ்வொரு முறையும் நான்தான் பழைய எண்ணை அழித்துப் புது எண் எழுதினேன். மூன்றாவது வரியில் எண்ணே இல்லை என்பதால் அதை யாரும் தொட வேண்டி வந்ததில்லை.

பலகையில் எழுதியது அவருக்கு வாக்கு. ஒரு முறை பேரனுக்கு ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பத்து மணிக்குத் திறக்க வேண்டியவர் பத்தே காலுக்கு ஓடி வந்தார். படிக்கட்டில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அன்று எல்லோருக்கும் கடைசிக் கால் மணி நேரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை.

“பரவாயில்ல ராவுத்தரே, பிள்ளைக்குச் சுகமில்லைன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றான் அந்தோணி.

“நீ சொல்லமாட்ட. ஆனா நாளைக்குப் பத்தேகாலுக்குத்தான் வருவ. அடுத்த வாரம் பத்தரைக்கு. அப்புறம் உனக்கு இங்க ஒரு நேரமே இல்லாமப் போயிடும். நேரம் இல்லாத எடத்துக்கு ஆளு வராது.”

நோன்பு மாதத்திலும் அதே பத்து மணிதான். தொண்டை வறண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவர் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டு வெளியே போனால், கடிகாரத்தைக் காட்டி, “அங்க நின்னாலும் நேரம் ஓடும், கேட்டியா” என்பார்.

அவருக்குத் தொழில் தெரியாது என்று சொன்னவர்கள் உண்டு. ஆட்டம் நன்றாக ஆடுகிறவர்களை அவர் கண்டுகொள்ளமாட்டார் என்பது அவர்களுடைய குறை. அது உண்மைதான். எங்கள் கிளப்பில் தோற்றவன்தான் மேஜைக்குக் காசு கொடுப்பது. கியூவை எப்படிப் பிடித்தாலும் பந்து சொல்பேச்சுக் கேட்கிற ஆட்கள் சிலர் வந்தார்கள். போட்டி வையுங்கள், பெயர் எழுதுங்கள், எங்களுக்கு விலை குறையுங்கள் என்றார்கள். ராவுத்தர் கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. அந்தோணி ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் தோற்றபோது, ராவுத்தர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவனுக்கு மட்டும் காற்றாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

“ஜெயிச்சவன் நானு. காத்து அவனுக்கா?” என்றேன்.

“ஜெயிக்கறவன் எந்த கிளப்புக்கும் போவான். போனா அங்கயும் ஜெயிப்பான். தோத்தும் மறுநாள் வர்றான் பாரு, அவனுக்காகத்தான் இந்தப் படி ஏறி வந்து நான் கதவு திறக்கறேன்.”

“எந்தா ராவுத்தரே, ஞான் நாளைக்கும் தோக்கணும்னா சொல்லுறீங்க?” என்றான் அந்தோணி.

“தோத்தா காத்து வரும்” என்றார் ராவுத்தர்.

இன்னொரு சம்பவம். இது எனக்குப் பெருமையானதல்ல. யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் சிலர் மாடியேறி வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் கணவனும் வந்தார்கள். நான் ராவுத்தரிடம் போய், இவர்களுக்கு இரண்டு மடங்கு சொல்லுங்கள், வாடிக்கையாக வருகிற எங்களுக்கு அதை வைத்துக் குறைக்கலாம் என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

“பலகைல அப்படி வரி இல்லையே” என்றார்.

“எழுதிட்டாப் போச்சு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ ஊருக்கு வந்த முதல் நாள் ஓட்டல்ல மீன் சாப்பாடு சாப்பிட்டியே. எத்தனை கொடுத்த?”

அந்தக் கதையை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய அன்று, என் பேச்சைக் கேட்டுவிட்டு ஓட்டல்காரர் என்னிடம் இரட்டை விலை வாங்கினார். பக்கத்து இலைக்காரர் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்பது வருஷமா அதைச் சொல்லிக்கிட்டிருக்க. அந்தப் பொண்ணும் அவ ஊர்ல போய் அம்பது வருஷம் என் பேரைச் சொல்லணுமா?”

அவர்கள் இரண்டு மணி நேரம் ஆடினார்கள். எல்லோரையும் போலவே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இனி எங்கள் சண்டை. கிழக்குப் பக்கத்துக் காலி மனையில் யாரோ தங்கும் விடுதி கட்டினார்கள். மூன்று மாடி. முதல் மாடி எழும்பியபோது நான்காவது மேஜையின் கால்கள் இருட்டில் போயின. மூன்றாவது மாடி முடிந்தபோது ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் குறுக்காக நுழையும் இடம் மட்டும் மிஞ்சியது. பகல் பதினொரு மணிக்குப் பந்தில் எழுதிய எண்ணை வாசிக்க முடியாது.

ராவுத்தர் ஒரு காலையில் ஏணியைப் பலகையின் கீழே சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மார்க்கே, அந்த மூணாவது வரியை எடுத்திடு. இனி விளக்கில்லாம யாராலயும் ஆட முடியாது. முடியாத ஒண்ணைப் பலகைல வச்சிருக்கறது ஏமாத்து.”

“ஆட முடியும். நாங்க ஆடறோம்.”

“நீங்க தடவறீங்க.”

“வரி என்ன சொல்லுது? விளக்கில்லாம ஆடினா பாதி. வெளிச்சம் இருந்தான்னு சொல்லலையே. நான்தானே எழுதினேன்.”

“எழுதினவன் நீ. சொன்னவன் நான்.”

“அப்ப நீங்களே அழிச்சுக்குங்க.”

அவர் அழிக்கவில்லை. வேறு ஆளை வைத்து ஒரு நிமிஷத்தில் அழித்திருக்கலாம். மேலே ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டியிருக்கலாம். செய்யவில்லை. நான் எழுதிய பலகையில் வேறொருவர் கை படக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். நான் எழுதியதை நானே அழிக்கமாட்டேன் என்பது என்னுடையது. வரி இருக்கிறவரை விலையும் இருந்தது. நானும் அந்தோணியும் அரை இருட்டில் ஆடிக்கொண்டிருந்தோம், பாதி விலைக்கு.

பாதி விலை மிச்சம் என்பதற்காக நான் அப்படிச் செய்தேன் என்று நினைப்பவர்கள் உண்டு. என் மகன் துபாயிலிருந்து அனுப்புவது எனக்குப் போதும். முழு விலையை எப்போதோ கொடுத்திருக்க முடியும். ஆனால் வேலை போய், கையில் ஒன்றுமில்லாமல் படியேறிய அந்த முதல் மாதத்தில், யாரும் என்னைப் பாவம் பார்க்காமல் நான் நின்ற இடம் அந்த வரி. அதை அழிக்கச் சொல்கிறவர் அதைச் சொல்லித் தந்தவராகவே இருந்தாலும் நான் எப்படி அழிப்பேன்?

பிறகு அந்த நாள் வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. நான் அடிக்க வேண்டியது ஊதா நிற நாலாம் பந்து. கறுப்பு எட்டாம் பந்தை முன்னாலேயே உள்ளே தள்ளினால் அந்த நொடியே தோல்வி. நான் குறி பார்த்து, அழகாக, கறுப்பைத் தள்ளினேன். என் கண்ணுக்கு அது ஊதாவாகத்தான் இருந்தது. மற்ற மேஜைகளில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ராவுத்தர் வந்து என் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார்.

“விளக்கை அணைங்க” என்றேன்.

“நாலாவதா ஒரு வரி எழுதிக்கோ மார்க்கே. கண்ணு தெரியாதவனுக்குப் பாதி விலை.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தான். நான் கியூவைத் தாங்கியில் வைத்துவிட்டு, அந்த ஆட்டத்துக்கான பாதி விலையைக் கல்லாவில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

என் கண்ணில் புரை இருந்தது உண்மை. எனக்கே தெரியாததை அவர் கண்டுபிடித்திருந்தார். அதை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்திடம் அல்ல. விலை வேறு, தர்மம் வேறு என்று எனக்குச் சொல்லித் தந்த மனிதர், இருபது வருஷம் கழித்து எல்லோர் முன்னாலும் என் விலையைத் தர்மமாக்கினார். இதை நான் அன்றும் மன்னிக்கவில்லை. இன்றும் மன்னித்தேன் என்று சொன்னால் அது நினைவஞ்சலிக்காகச் சொல்கிற பொய்யாக இருக்கும்.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள். காலை பத்து மணிக்கு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்தோணி வாரத்துக்கு ஒரு முறை வருவான்.

“மார்க்கு வருமான்னு ராவுத்தர் கேட்டார்.”

“என்ட்ட வந்து கேட்கச் சொல்லு.”

“அவர் அதுக்கு ஆளில்ல. நீ ஒருக்கா வந்து நோக்கு. அவர் ஒரு காரியம் செஞ்சிட்டுண்டு.”

“என்ன காரியம்?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம். வந்து நோக்கு.”

என்ன காரியம் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வரியை அழித்திருப்பார். வேறு ஆளை வைத்துப் புதுப் பலகை மாட்டியிருப்பார். அதைப் பார்க்க நான் ஏன் படியேற வேண்டும்? நான் விலகி ஒரு மாதம் இருக்கும், கொச்சங்காடி வழியே மீன் வாங்கப் போனபோது கிளப்பின் கூரையில் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து ஓடு பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ராவுத்தர் கீழே தெருவில் நின்று, இடுப்பில் கை வைத்து, இன்னும் இந்தப் பக்கம், இன்னும் இந்தப் பக்கம் என்று அவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒழுகும் இடத்தைக் கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை இவருக்கு என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதுதான் நாங்கள் கடைசியாக ஒருவரையொருவர் பார்த்தது.

அடக்கத்தன்று பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்றேன். அந்தோணி உள்ளே கூப்பிட்டான். பேச்சை முறித்த மனிதனுக்கு மண் போட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. போகவில்லை. இது என் தவறு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்து ஜமீலா போன் செய்தாள்.

“வேலு மாமா, நாளைக்கு கிளப்பு திறக்கறேன். பத்து மணிக்கு.”

“நல்லது.”

“பலகைல எழுத்து மங்கிப்போச்சு. அத்தா வேற யாரையும் தொட விட்டதில்ல. நீங்க வரணும்.”

“பலகை இருக்கா?”

“பின்ன எங்க போகும்?” என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குப் படியேறினேன். முதலில் பலகையைப் பார்த்தேன். மூன்று வரிகளும் இருந்தன. பிறகு நான்காவது மேஜையைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. மேஜையின் மேல் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அல்ல. மேலிருந்து, பாலைப் போல ஒரு வெளிச்சம், மேஜையின் நான்கு மூலைக்கும் ஒரே அளவாக இறங்கிக்கொண்டிருந்தது. பந்துகளின் எண்ணைக் கதவருகில் நின்றே வாசிக்க முடிந்தது.

நிமிர்ந்தேன். கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டு ஆறு கண்ணாடி ஓடுகள் போட்டிருந்தார். அதற்குக் கீழே, உத்தரத்துக்கு உத்தரம், ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார். அவருடைய வேட்டி. கரையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

மேஜைத் துணியில், குறுக்கே ஒரு முழ அகலத்துக்கு, பச்சை வெளுத்துப் போயிருந்தது. வெயில் நடந்து போன தடம். ராவுத்தரை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை. துணி மேல் வெயில் படக் கூடாது என்று ஜன்னல்தோறும் வெளிச்சம் மட்டும் கசியும் மூங்கில் தட்டி கட்டி, காலையில் அதை இறக்க, மாலையில் ஏற்ற என்று அலைந்தவர். “சிகரெட் சுட்டா ஒரு ஓட்டை. வெயில் முழுசையும் தின்னும்” என்பவர். அவர் தன் கையாலேயே வெயிலை உள்ளே விட்டிருந்தார்.

“முதல்ல வேட்டி கட்டல” என்றாள் ஜமீலா. “வெயில் நேரா விழுந்து துணி போச்சு. அந்தோணிச் சேட்டன் கண்ணு கூசுதுன்னார். அதுக்கப்புறம்தான் வேட்டி. அதுவும் மூணு தடவை மாத்திக் கட்டினார். ஒவ்வொரு தடவையும் பந்தை அடுக்கி வச்சு, கதவுகிட்டப் போய் நின்னு, எண்ணு தெரியுதான்னு வாசிப்பார். தன் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு வாசிப்பார். மாமாவோட கண்ணுக்குத் தெரியணும்னு.”

அந்தோணி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

“அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இங்க உக்காந்து மேலயே பாத்துக்கிட்டிருந்தார்” என்றாள் ஜமீலா. “துஆ கேட்டு வேண்டிக்கிறார்னு நினைச்சோம். ஓடு எண்ணிக்கிட்டிருந்திருக்கார். நான் கேட்டேன், எதுக்கு அத்தா இவ்வளவு பாடு, அந்த வரியை எடுத்தா முடிஞ்சதேன்னு. சொன்னார்: விளக்கு போட்டு ஆடினா அவன் தோத்தான். வரியை எடுக்க ஆள் விட்டா நான் தோத்தேன். ரெண்டு பேரும் தோக்காம இருக்க மேலதான் வழி இருக்கு.”

“போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா அது கூப்பிட்டதா ஆயிடும்னார். வெளிச்சம் இருக்குன்னு தெரிஞ்சு அவனா வரணும்னார்.”

“எப்படித் தெரியும்?”

“கூரை வேலை நடக்கும்போது நீங்க பார்த்தீங்களாம். மார்க்கு பாத்துட்டான், புரிஞ்சிருக்கும், நாளைக்குப் பத்து மணிக்கு வருவான்னு அன்னிக்கு வந்து சொன்னார்.”

நான் உட்கார்ந்துகொண்டேன். நான் பார்த்தது ஒழுகலை அடைக்கிற வேலை. அவர் கேட்டது மன்னிப்பு. அப்படி ஒரு மன்னிப்பைத் தெருவில் நின்று கத்தினால் யாருக்குப் புரியும்? புரிந்துகொள்ளாதது என் குற்றமா, விளங்கச் சொல்லாதது அவர் குற்றமா என்று நான்கு மாதமாக யோசிக்கிறேன். பாதிப் பாதி என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

அன்று பலகையைக் கழற்றி எழுத்துகளுக்குப் புது வண்ணம் கொடுத்தேன். நேரம் அதே பத்து மணி. ஜமீலா ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொள்கிறாள். விலையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள், ஏற்றி எழுதினேன். மூன்றாவது வரியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய அளவிலேயே எழுதினேன், மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிதாக.

இப்போது தினமும் போகிறேன். வெளுத்த தடத்தின் மேல் பந்து கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. அது எனக்குப் பழகிவிட்டது. அந்தோணிக்குப் பழகவில்லை. அவன் தோற்கும்போது காற்றாடியை அவன் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

ஜூன் பிறந்து மழை பிடித்தபோது கண்ணாடி ஓடுகள் கறுத்தன. வேட்டிக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. அந்தோணி பந்துகளை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தான். பழைய நாளாக இருந்தால் தடவித் தடவி ஆடியிருப்பேன். எழுந்து போய் நான்காவது மேஜையின் சுவிட்சை நானே போட்டேன். இருபது வருஷத்தில் அதை நான் தொட்டது அன்றுதான். ஆட்டம் முடிந்ததும் முழு விலையைக் கொடுத்தேன். ஜமீலா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். ராவுத்தர் இருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார். மழைக்கு நான் விட்டுக்கொடுத்தேன். அவருக்கு அல்ல. யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. கூரையிலிருந்து கழற்றிய ஆறு மண் ஓடுகளையும் ராவுத்தர் எறியவில்லை. சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். ஜமீலா காட்டினாள். எதற்கு என்று கேட்டேன். மார்க்கு ஒரு நாள் வந்து தன் கையாலேயே மூன்றாவது வரியை அழிப்பான், அன்றைக்கு இவற்றைத் திரும்பப் போட வேண்டும் என்று சொல்லி வைத்தாராம். அவ்வளவு வெளிச்சத்தைக் கொடுத்த பிறகும் அந்த மனிதர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஆறில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். ஓடு கடையில் கிடைக்கும், வேண்டுமானால் வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தோணி சொல்கிறான். போடட்டும். ராவுத்தர் எடுத்து வைத்தது ஆறு. அதில் ஒன்று என்னிடம் இருக்கும்வரை அவருடைய கணக்கில் அந்தக் கூரை மூடாது.